சிறை மரணம்: உடற்கூராய்வு அறிக்கை உடல் இருக்கும்போதே குடும்பத்தின் கைக்கு வர வேண்டும்

கேள்வி இதுதான்: விசாரணைக் கைதியாகச் சிறையில் இருந்த ஒருவர் இறந்துவிட்டார். ‘நெஞ்சுவலி வந்து இறந்தார்’ என்று சொல்லி, உடலை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டைக் கேட்டால், ‘விசாரணை முடியட்டும், அப்புறம் தருகிறோம்’ என்கிறார்கள். அப்படி மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? ரிப்போர்ட் இன்று கிடைப்பதற்கும் ஆறு மாதம் கழித்துக் கிடைப்பதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால்தான் முதல் கேள்வியின் அவசரம் புரியும்.

வித்தியாசம் மிகப் பெரியது. உடல் பிணவறையில் இருக்கும்வரை, அறிக்கையில் எழுதியிருப்பதைச் சரிபார்க்க முடியும். விடுபட்ட காயத்தைச் சுட்டிக்காட்டலாம். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லலாம். மறு உடற்கூராய்வு கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். எரித்த பிறகு காகிதம் மட்டும்தான் மிஞ்சும். அதில் எழுதாத காயம் இல்லாத காயமாகிவிடும். புதைத்திருந்தால் தோண்டியெடுக்க வழி உண்டு. ஆனால் எலும்பு முறிவு தெரியுமே தவிர, கன்றிய சதையும் தோலும் அதற்குள் அழுகத் தொடங்கியிருக்கும். காவல் மரணங்களில் வெளிப்படைத்தன்மை என்றாலே ‘அறிக்கையைத் தருவார்களா, மாட்டார்களா’ என்றுதான் பேச்சு போகிறது. எப்போது தருகிறார்கள் என்பதுதான் அதைவிட முக்கியம் என்பது என் கருத்து.

வீட்டில் ஒருவர் இறந்தால் பார்த்தவர்கள் இருப்பார்கள், அக்கம்பக்கம் இருக்கும். சிறைக்குள் அப்படி எதுவும் கிடையாது. இறந்த அறை அரசின் கையில். சிசிடிவி பதிவு அரசின் கையில். எந்த நேரத்தில் உடம்பு சரியில்லை என்று சொன்னார், எப்போது மருத்துவரிடம் காட்டினார்கள் என்ற பதிவேடு அரசின் கையில். பக்கத்து அறையில் இருந்த கைதியும் அரசின் காவலில்தான் இருக்கிறார். நாளைக்கும் அதே வார்டர்களின் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அந்த மதில் சுவரைத் தாண்டி வெளியே வரும் ஒரே சாட்சி உடல்தான். அதனால்தான் ஐ.நா. நடைமுறைகள் காவலில் நேரும் மரணத்தைத் தனியாக நடத்துகின்றன. 2015-இல் ஏற்கப்பட்ட மண்டேலா விதிகளின்படி, சிறையில் மரணம் நேர்ந்தால் சிறை நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத, விசாரிக்கும் அதிகாரமுள்ள அமைப்புக்கு உடனே தெரிவிக்க வேண்டும். சந்தேக மரணங்களை எப்படி விசாரிப்பது என்று சொல்லும் மினசோட்டா நெறிமுறை, 1991-இல் வந்து 2016-இல் திருத்தப்பட்டது. உடற்கூராய்வின்போது குடும்பத்தின் சார்பில் ஒருவர் இருக்கலாம் என்பதை அது குடும்பத்தின் உரிமையாகவே பேசுகிறது.

இந்தியச் சிறைகளில் 2022-இல் மட்டும் 1,995 பேர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரம் சொல்கிறது. அதில் 1,773 ‘இயற்கை மரணம்’, 159 ‘இயற்கைக்கு மாறான மரணம்’. மீதி 63 பேருக்குக் காரணம் இன்னும் தெரியவில்லை என்று பதிவாகியிருக்கிறது. இயற்கைக்கு மாறான மரணங்களில் 119 தற்கொலைகள்.

இந்த ‘இயற்கை’ என்ற கட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். காசநோய் இருப்பவருக்கு மூன்று மாதம் மாத்திரை கொடுக்காமல் இருந்து அவர் இறந்தால் அது இயற்கையா? நெஞ்சு வலிக்கிறது என்று இரவு பத்து மணிக்குச் சொன்னவரை, வழிக்காவலுக்குப் போலீஸ் வரவில்லை என்று காலைவரை வைத்திருந்து இறக்கவிட்டால் அது இயற்கையா? 1,382 சிறைகளின் நிலைமை குறித்த வழக்கில் 2017 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், சிறை மரணங்களை இப்படி இரண்டாகப் பிரிப்பதில் உள்ள குழப்பத்தைக் கேள்வி கேட்டது. உரிய நேரத்தில் சிகிச்சை தராததால் நேரும் மரணத்தை எந்தக் கட்டத்தில் போடுவது என்பது அந்தத் தீர்ப்பு எழுப்பிய கேள்விகளில் ஒன்று. ஒருவர் எந்தக் கட்டத்துக்குள் போகிறார் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது உடற்கூராய்வு அறிக்கையின் கடைசி வரி. அந்த வரியை யாரும் படித்துக் கேள்வி கேட்க முடியாதபடி வைத்துக்கொண்டால், 1,773 என்ற எண்ணை எப்படி நம்புவது?

ஒரு நேர்மையான உடற்கூராய்வு என்ன செய்யும் என்பதற்கு நீலபதி பெஹரா வழக்கைச் சொல்வேன். ஒடிசாவில் 1987 டிசம்பரில் போலீஸ் பிடித்துக்கொண்டு போன 22 வயது இளைஞரின் உடல் மறுநாள் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. தப்பி ஓடினார், ரயிலில் அடிபட்டார் என்றது போலீஸ். உடற்கூராய்வு செய்த மருத்துவர், காயங்கள் கடினமான, மழுங்கிய பொருளால் ஏற்பட்டவை, லத்தி அடியாக இருக்கலாம், எல்லாக் காயங்களும் ரயில் மோதி வந்திருக்க முடியாது என்று சொன்னார். இறந்த இளைஞரின் தாய் அனுப்பிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், 1993-இல் ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. காவல் மரணத்துக்கு அரசே பொறுப்பேற்று இழப்பீடு தர வேண்டும் என்ற சட்டம் இன்று நிலைத்து நிற்பதில் அந்த மருத்துவரின் சாட்சியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. காயங்களை அவர் கவனமாகப் பார்த்து எழுதாமல் விட்டிருந்தால், ‘ரயில் விபத்து’ என்று கோப்பை மூடியிருப்பார்கள்.

சரி, அறிக்கை கையில் கிடைத்தால் அதில் எதைப் பார்ப்பது?

பெரும்பாலோர் கடைசிப் பக்கத்துக்குப் போய் மரணக் காரணத்தைப் படிப்பார்கள். ‘இதயமும் மூச்சும் நின்றதால் இறந்தார்’ என்று இருக்கும். இது காரணமே இல்லை. இறந்த எல்லோருக்கும் இதயமும் மூச்சும் நின்றிருக்கும். ஏன் நின்றது என்று சொல்வதற்குத்தான் உடற்கூராய்வு. மாரடைப்பு என்றால் எந்த ரத்தக்குழாயில் எவ்வளவு அடைப்பு, இதயத் தசையில் என்ன மாற்றம் என்பதெல்லாம் உள்ளே எழுதியிருக்க வேண்டும். அது எதுவும் இல்லாமல் மாரடைப்பு என்று மட்டும் இருந்தால், அந்த முடிவுக்கு எப்படி வந்தார் என்று மருத்துவரைக் கேட்கக் குடும்பத்துக்கு எல்லா உரிமையும் உண்டு.

‘சிறுநீரகச் செயலிழப்பு’ என்று இருந்தால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒருவரைத் தொடையிலும் புட்டத்திலும் தொடர்ந்து அடித்தால் தசை நசுங்கும். நசுங்கிய தசையிலிருந்து மையோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். எலும்பு முறியாமல், பெரிய ரத்தப்போக்கு எதுவும் இல்லாமல், அடித்து ஓரிரு நாட்கள் கழித்து அவர் இறக்கலாம். அதற்குள் போலீஸ் காவல் முடிந்து, ரிமாண்ட் ஆகி, சிறைக்குப் போயிருப்பார். காகிதத்தில் அது சிறை மரணம், சிறுநீரகக் கோளாறு, இயற்கை. தசையை ஆழமாக அறுத்துப் பார்த்து எழுதியிருந்தால் மட்டுமே உண்மை வெளியே வரும். பாதத்தில் அடிப்பதும் அப்படித்தான். உள்ளங்காலின் தோல் தடிமனானது. மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே ரத்தம் கட்டியிருக்கும்.

காயங்களை எப்படி விவரித்திருக்கிறார்கள் என்பதுதான் அறிக்கையின் உயிர். ‘முதுகில் சில கன்றல்கள்’ என்று எழுதினால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ‘இடது தோள்பட்டை எலும்புக்கு 4 செ.மீ. கீழே, சாய்வாக, 12 செ.மீ. நீளத்தில் இரண்டு இணையான சிவந்த கோடுகள், நடுவில் வெளிறிய தோல்’ என்று எழுதினால் அதற்குள்ளேயே பதில் இருக்கிறது. உருண்டையான தடியால் அடித்தால்தான் அப்படி இரட்டைக் கோடாகக் கன்றும். வழுக்கி விழுந்தவரின் முதுகில் அது வராது. நிறமும் பேசும். புதிய கன்றல் சிவந்தோ நீலம்பாய்ந்தோ இருக்கும். நாட்கள் போகப்போகப் பழுப்பாகி, பச்சையாகி, மஞ்சளாகி மறையும். மணிக்கணக்கில் சொல்ல முடியாது என்றாலும், முந்தாநாள் அடியா, பத்து நாள் பழையதா என்று ஓரளவு பிரிக்கலாம். சிறை மரணத்தில் இது மிக மிக முக்கியம். அடித்தது ஸ்டேஷனிலா சிறையிலா என்ற கேள்விக்குக் காயத்தின் வயதும், சிறைக்குள் அனுமதிக்கும்போது எழுதிய உடல் பரிசோதனைக் குறிப்பும் சேர்ந்துதான் பதில் சொல்லும். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதின்போதே காயங்களைக் குறித்துக் கைதானவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொன்னது இதற்கெல்லாம் சேர்த்துத்தான். உடற்கூராய்வு அறிக்கையைத் தனியாகப் படிக்காதீர்கள். அந்தப் பழைய காகிதங்களை அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தூக்குப்போட்டு இறந்தார் என்று சொன்னால், கழுத்தை எப்போது, எப்படி அறுத்தார்கள் என்று பாருங்கள். மண்டையையும் மார்பையும் முதலில் திறந்து ரத்தம் வடிந்த பிறகு, கழுத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்ப்பதே முறை. இல்லையென்றால் அறுக்கும்போது கசியும் ரத்தமும் நெரித்ததால் வந்த ரத்தக்கட்டும் ஒன்றாகக் கலந்து தெரியும். தூக்கில் தடம் பொதுவாகச் சாய்வாக மேல்நோக்கிப் போகும். கயிற்றால் நெரித்தால் பெரும்பாலும் கிடைமட்டமாகக் கழுத்தைச் சுற்றி இருக்கும். தடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதன் அகலம் என்ன, கைப்பற்றிய துணியோடு அந்த அகலம் பொருந்துகிறதா என்பதெல்லாம் அறிக்கையில் இருக்க வேண்டியவை.

இவ்வளவையும் எழுத்தை மட்டும் நம்பி விடக் கூடாது என்பதால்தான் தேசிய மனித உரிமை ஆணையம் படப்பதிவைக் கட்டாயமாக்கச் சொன்னது. ஆணையம் 1993-இல் பிறந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே, காவல் மரணம் எதுவானாலும் 24 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதியது. 1995 ஆகஸ்டில் முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்தில், போலீஸையும் சிறை அதிகாரிகளையும் காப்பாற்ற அழுத்தத்தின்பேரில் உடற்கூராய்வு அறிக்கைகள் மாற்றி எழுதப்படுவதாகத் தெரிகிறது என்று வெளிப்படையாகவே சொல்லி, வீடியோ எடுக்கக் கேட்டது. 1997-இல் மாதிரிப் படிவம் ஒன்றையும் அனுப்பியது.

அந்த வழிகாட்டுதல்களில் நல்ல நுணுக்கம் இருக்கிறது. அறுத்துக்கொண்டே மருத்துவர் தான் பார்ப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அந்தக் குரல் வீடியோவில் பதிவாக வேண்டும். உடல் முழுவதையும் காட்டும் 20 முதல் 25 வண்ணப் படங்கள் எடுக்க வேண்டும். சில படங்கள் உடையோடு. முகத்தின் முன்பக்கம், இரு பக்கவாட்டு, பின்தலை. ஒவ்வொரு காயத்துக்கும் எண் கொடுத்து நெருக்கமாக ஒரு படம். உள்ளங்கையையும் உள்ளங்காலையும் கீறிக் காட்டும் படங்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் உடற்கூராய்வு எண், தேதி, அளவுகோல். இப்படி எடுத்த படங்களை, இறந்தவரை ஒருபோதும் பார்த்திராத வேறு ஊர் மருத்துவர் ஒருவரிடம் கொடுத்தாலும் அவரால் சுயமாக ஒரு கருத்துச் சொல்ல முடியும். அதனால்தான் அறிக்கையோடு படங்களையும் வீடியோவையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்கிறேன். அறிக்கையை மட்டும் கொடுத்துவிட்டு வீடியோவைத் தர மறுப்பது பாதி மறைப்பு.

குடும்பத்துக்கு இவற்றைக் கேட்கும் உரிமை எங்கிருந்து வருகிறது? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் 176(1-ஏ) பிரிவைச் சேர்த்தது. 2006-இல் நடைமுறைக்கு வந்தது. போலீஸ் காவலிலோ நீதிமன்றம் அனுமதித்த வேறு காவலிலோ ஒருவர் இறந்தால், போலீஸ் விசாரணை தவிர நீதித்துறை நடுவர் தனியாக விசாரிக்க வேண்டும். கோட்டாட்சியர் விசாரணை இதற்கு ஈடாகாது. விசாரிக்கும் நடுவர் 24 மணி நேரத்துக்குள் உடலைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவி ஆகியோருக்குத் தகவல் சொல்லி, விசாரணையின்போது உடனிருக்க விட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இதே ஏற்பாடு, அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவில் இருக்கிறது.

சட்டம் இவ்வளவுதான் சொல்கிறது. அறிக்கையின் நகலை எப்போது தருவது என்று அதில் இல்லை. அந்த ஓட்டையை நிரப்பியது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2020 டிசம்பரில் அது பிறப்பித்த உத்தரவை இந்த விஷயத்தில் அக்கறை உள்ள ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். உடற்கூராய்வுக்கு முன்பும் பின்பும் குடும்பத்தினர் உடலைப் பார்க்க நடுவர் வழிசெய்ய வேண்டும். தடய மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற, அரசு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இரண்டு மருத்துவர்கள் ஆய்வு செய்ய வேண்டும். முழு உடலுக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வீடியோ எடுக்க வேண்டும். அறிக்கையையும் வீடியோவையும் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் திருப்தி இல்லையென்றால் உடனே நீதிமன்றத்தை நாட முடியும் என்று காரணத்தையும் நீதிபதி எழுதியிருக்கிறார். நீதிமன்றம் போகப்போகிறோம் என்று குடும்பம் எழுதிக் கொடுத்தால், குறைந்தது 48 மணி நேரம் உடலைப் பிணவறையில் வைத்திருக்க வேண்டும். உடல் இருக்கும்போதே அறிக்கை வேண்டும் என்று நான் மேலே சொன்னதன் சட்ட வடிவம் இதுதான். தமிழ்நாட்டில் இதைச் சொல்லிக் கேட்கலாம். இந்தியா முழுவதற்கும் இப்படி ஒரு விதி இல்லாதது பெரிய குறை. நாடாளுமன்றம் 196-ஆம் பிரிவிலேயே இதைச் சேர்த்திருக்கலாம்.

இனி ‘விசாரணை பாதிக்கும்’ என்ற பதிலுக்கு வருகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(எச்) பிரிவை மேற்கோள் காட்டித்தான் பெரும்பாலும் மறுப்பார்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் மறுக்கக் காரணமாகாது, தகவலைத் தருவது விசாரணைக்கு எப்படித் தடையாகும் என்று காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் 2007-இலேயே சொல்லிவிட்டது. யோசித்துப் பாருங்கள். உடற்கூராய்வு அறிக்கை என்பது சாட்சியின் வாக்குமூலம் இல்லை. யாரையும் மிரட்டி மாற்ற முடியாதபடி எழுதி முடித்துக் கையெழுத்திட்ட ஒன்று. அதன் நகல் ஏற்கெனவே விசாரணை அதிகாரியிடம் போயிருக்கும். கேள்விக்குள்ளான துறையின் அலுவலகங்களில் அது சுற்றிக்கொண்டிருக்க, மகனைப் பறிகொடுத்த தாய் மட்டும் படித்தால் விசாரணை கெட்டுவிடுமா? இந்த வாதத்தில் எனக்கு ஒரு துளியும் உடன்பாடு இல்லை. குற்றப்பத்திரிகை தாக்கலாகி வழக்கு நடந்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அறிக்கையின் நகல் உரிமையாகவே கிடைக்கும். புதிய சட்டத்தின் 230-ஆம் பிரிவு, வழக்கறிஞர் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அதைத் தரச் சொல்கிறது. ஆனால் சிறை மரணங்களில் பெரும்பாலானவை குற்றப்பத்திரிகை வரை போவதே இல்லை. அந்தக் குடும்பங்களுக்கு அந்தப் பிரிவால் பயன் இல்லை.

இறந்தவரின் அந்தரங்கம் என்ற வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். நோய் விவரங்கள், நிர்வாணப் படங்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். அதற்கு வழி, குடும்பத்துக்குக் கொடுப்பதையும் பொதுவெளியில் வைப்பதையும் பிரித்துப் பார்ப்பது. நெருங்கிய உறவினருக்கும் அவர்களுடைய வழக்கறிஞருக்கும் எல்லாம், உடனே. பொதுமக்களுக்குப் பெயரும் அடையாளமும் நீக்கிய சுருக்கம்: எந்தச் சிறை, வயது, எத்தனை நாள் காவல், காயங்கள் இருந்தனவா, மரணக் காரணம், நடுவர் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது. ஒவ்வொரு மாநிலச் சிறைத்துறையும் இதை மாதம்தோறும் தன் இணையதளத்தில் போடுவதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. அப்படி வந்தால், ஒரே சிறையில் இருந்து தொடர்ந்து ‘மாரடைப்பு’ வருகிறது, இறந்தவர்கள் எல்லாம் முப்பது வயதைத் தாண்டாதவர்கள் என்பதுபோன்ற விஷயங்கள் தானாகக் கண்ணில் படும்.

மருத்துவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களை எதிரியாகப் பார்ப்பது தவறு. பிணவறை வாசலில் சீருடைக்காரர்கள் நிற்கிறார்கள். உடலோடு வரும் கோரிக்கைப் படிவத்திலேயே ‘நெஞ்சுவலியால் இறந்தார்’ என்று எழுதி வருகிறது. அது தன்னையறியாமலே பார்வையைச் சாய்க்கும். சீக்கிரம் முடியுங்கள், ஊரில் பிரச்சினை ஆகும் என்று தொலைபேசி அழைப்புகள் வரலாம். இரவில் செய்யச் சொல்லி நெருக்கடி வரலாம். 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் சூரியன் மறைந்த பிறகும் உடற்கூராய்வு செய்யலாம் என்று அனுமதித்தபோது, கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றை அதிலிருந்து விலக்கியே வைத்தது, சட்டம் ஒழுங்கு நெருக்கடி இருந்தால் தவிர. காவல் மரணம் அந்த விலக்கில்தான் வர வேண்டும். இவ்வளவு அழுத்தத்துக்கு நடுவில் வேலை செய்யும் மருத்துவருக்கு, குரலோடு பதிவாகும் வீடியோவும் உடனே குடும்பத்துக்குப் போகும் நகலும் பாதுகாப்பு. ‘மாற்றி எழுதுங்கள்’ என்று கேட்பவரிடம், ‘எல்லாம் பதிவாகிவிட்டது, நகலும் போய்விட்டது’ என்று அவரால் சொல்ல முடியும்.

அறிக்கை சீக்கிரம் வெளிச்சத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு கண்கூடாகவே பார்த்திருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட பிறகு அடுத்தடுத்து இறந்தார்கள். சிறைக்கு அனுப்பும் முன் அவர்களுக்கு உடல்தகுதிச் சான்று கொடுக்கப்பட்டிருந்தது. மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்தது. மூன்று மருத்துவர்கள் திருநெல்வேலியில் உடற்கூராய்வு செய்தார்கள். ஒரு வாரத்துக்குள்ளேயே அதன் முதற்கட்ட முடிவுகளைப் பார்த்த நீதிமன்றம், கொலை வழக்குப் பதிய முகாந்திரம் இருக்கிறது என்றது. 2025 ஜூன் கடைசியில் திருப்புவனத்தில் போலீஸ் விசாரணையில் இறந்த கோயில் காவலாளியின் உடலில் 44 காயங்கள் இருந்ததை, சில நாட்களிலேயே நீதிமன்றத்தின் முன் வந்த அறிக்கை சொன்னது. அதற்கு மேல் வலிப்பு, மயக்கம் என்ற பேச்சுக்கெல்லாம் இடமில்லாமல் போயிற்று.

இதற்கு மாறாக 2016 செப்டம்பரில் புழல் சிறையில் ஒரு விசாரணைக் கைதி மின்சாரம் பாய்ந்து தற்கொலை செய்துகொண்டதாகச் சிறைத்துறை சொன்ன வழக்கு. தங்கள் தரப்பு மருத்துவர் ஒருவர் உடற்கூராய்வில் இருக்க வேண்டும் என்று குடும்பம் கேட்டது. அந்த ஒரு கேள்வி உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய், கடைசியில் எய்ம்ஸ் மருத்துவர் ஒருவரைச் சேர்த்து அக்டோபர் 1 அன்றுதான் ஆய்வு நடந்தது. இறந்து 13 நாட்கள். யார் கத்தியைப் பிடிப்பது, யார் பார்ப்பது என்பதற்கு முன்கூட்டியே ஒரு விதி இருந்திருந்தால் அந்த நாட்கள் வீணாகியிருக்காது. 2022-இல் மாநில மனித உரிமை ஆணையம் அந்தக் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடும் சுயேச்சையான விசாரணையும் வேண்டும் என்று சொன்னது.

இப்போது இந்த நிலைமையில் இருப்பவர்களுக்கு: முதலில் எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ‘மரணத்தில் சந்தேகம் இல்லை’ என்ற வாசகம் உடலைப் பெற்றுக்கொள்ளும் காகிதத்திலேயே இருக்கலாம். நீதித்துறை நடுவருக்கு உடனே ஒரு மனு எழுதுங்கள்: உடலைப் பார்க்க வேண்டும், படமெடுக்க வேண்டும், மதுரைக் கிளையின் 2020 உத்தரவின்படி இரண்டு தடய மருத்துவ நிபுணர்கள், எக்ஸ்ரே, வீடியோ வேண்டும், அறிக்கையும் வீடியோவும் கிடைத்த பிறகே உடலைப் பெறுவோம், தேவைப்பட்டால் நீதிமன்றம் போவோம் என்று. ஒப்புகை வாங்குங்கள். அதே மனுவைச் சிறைக் கண்காணிப்பாளருக்கும் மாநில, தேசிய மனித உரிமை ஆணையங்களுக்கும் அனுப்புங்கள். சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். சாத்தான்குளத்தில் காவல் நிலையப் பதிவுகள் தானாகவே அழியும்படி இருந்ததை நடுவரே கண்டுபிடித்தார். உடலைக் குளிப்பாட்டும் முன், முடிந்தால் மறுநாள் மறுபடியும், நல்ல வெளிச்சத்தில் படமெடுங்கள். ஆழமான கன்றல்கள் முதல் நாளைவிட அடுத்த நாள் தெளிவாகத் தெரிவது உண்டு.

அறிக்கையில் ‘உள்ளுறுப்புப் பரிசோதனை முடிவு வரும்வரை கருத்து நிறுத்திவைக்கப்படுகிறது’ என்று இருந்தால் பதறாதீர்கள், அது வழக்கமான நடைமுறை. ஆனால் ரசாயனப் பரிசோதனைக்கு என்னென்ன மாதிரிகள், எந்த ஆய்வகத்துக்கு, எந்தத் தேதியில் போயின என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிவு வந்த பிறகு மருத்துவர் எழுத வேண்டிய இறுதிக் கருத்து பல வழக்குகளில் கோப்பிலேயே தூங்கிவிடுகிறது. அதைக் கேட்டு வாங்கும்வரை அறிக்கை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

ஏற்கெனவே தகனம் முடிந்துவிட்டது என்றாலும் வழி முழுதாக அடைபடவில்லை. நடுவர் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு உடற்கூராய்வு அறிக்கை, படங்கள், வீடியோ, சிறை அனுமதிப் பரிசோதனைக் குறிப்பு, சிறை மருத்துவமனைப் பதிவேட்டின் பக்கங்கள், வெளி மருத்துவமனைக்குக் கொண்டுபோன நேரம் எல்லாவற்றையும் கேளுங்கள். மறுத்தால் அரசியல் சட்டத்தின் 226-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றம். திசு ஆய்வுக்கு எடுத்திருந்தால், மெழுகில் பதித்த சின்னக் கட்டிகளாகவும் கண்ணாடித் தகடுகளாகவும் அந்தத் திசுக்கள் நோய்க்குறியியல் துறையில் இருக்கும். அவற்றை அழிக்காமல் வைக்கச் சொல்லி முதலில் ஒரு கடிதம் கொடுங்கள், பிறகு வேறொரு கல்லூரியின் நிபுணர் பார்க்க அனுமதி கேளுங்கள். இதயத் தசையும் சிறுநீரகமும் அதில் இருந்தால், பல மாதங்களுக்குப் பிறகும் இன்னொரு மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்துக் கருத்துச் சொல்ல முடியும்.